கணனிப் பக்கம்: ரப் தட்டினால் அடுத்தவர் பதிவா?



இம்முறை அல் குசைஸிலிருந்து ஒரு சகோதரியின் கேள்வி. தொழிலாளர் விபரங்களைக் கணனியில் பதிவது அவரது வேலை. மைக்ரோசொவ்ற் அக்செஸ் படிவத்தில் கடைசிக் கட்டத்தை நிரப்பி ரப் விசையைத் தட்டியதும் திரை அடுத்த ஆளின் பதிவுக்குத் தாவிவிடுகிறதாம். ஒருநாள் அதைக் கவனியாததால் ஒருவரின் பாஸ்போட் இலக்கத்தின் மேல் இன்னொருவருடைய இலக்கம் ஏறிவிட்டது. இதைத் தடுக்க வழியுண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு. புதிய நாட்டில் எம்மவர் பலருக்கு முதலில் கிடைப்பது இந்த வேலைதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அக்செஸில் "சேமி" என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு பதிவை விட்டு நகர்ந்ததுமே அது தானாகச் சேமிக்கப்பட்டுவிடும். ஆகவே நகர்வதைக் கட்டுப்படுத்தினால் பிழையையும் கட்டுப்படுத்தலாம். படிவத்தின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, டிசைன் வியூவில் புறப்பேர்ட்டி ஷீற்றைத் திறவுங்கள்.

1. "அதர்" பகுதியில் "சைக்கிள்" என்பதை "கரண்ட் ரெக்கோர்ட்" என்று மாற்றுங்கள். இனி ரப் தட்டினால் அதே ஆளின் முதற் கட்டத்துக்கே திரும்பும்.

2. புதியவர்களைப் பதிவதற்கு மட்டுமான படிவம் என்றால், "டேட்டா என்ட்ரி" என்பதை "யெஸ்" ஆக்குங்கள். பழைய பதிவுகள் திரைக்கே வரமாட்டா.

3. "நவிகேஷன் பட்டன்ஸ்" என்பதை "நோ" ஆக்கினால் கீழேயுள்ள அம்புக்குறிகள் மறையும். அவற்றுக்குப் பதிலாக "சேமி", "புதிய பதிவு" என்று நீங்களே பொத்தான்கள் வைக்கலாம். கொமாண்ட் பட்டன் விசார்ட் அதற்கு உதவும்.

4. பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் இதற்குப் பின்னும் பதிவை மாற்றும். "கீ பிறிவியூ"வை "யெஸ்" ஆக்கி, "ஒன் கீ டவுன்" நிகழ்வில் அந்த இரு விசைகளுக்கும் கீகோட்டைப் பூச்சியமாக்கினால் அவை வேலை செய்யா. 2003 வரையான பதிப்புகளில் மவுஸ் சக்கரமும் இதே வேலையைச் செய்தது. 2007 பதிப்பிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

படிவத்தைத் திருத்த உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால், இப்பக்கத்தைக் கணனிப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். அதுவரை எஸ்கேப் விசையை நினைவில் வைத்திருங்கள். ஒருமுறை தட்டினால் அந்தக் கட்டத்தில் செய்த மாற்றம் நீங்கும். இன்னொருமுறை தட்டினால் அந்தப் பதிவில் செய்த மாற்றம் முழுவதும் நீங்கும். பதிவு சேமிக்கப்பட்டுவிட்டாலும், வேறொன்றைத் திருத்தத் தொடங்குமுன் கொன்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார்க்கலாம்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. எமிரேட்ஸ் அடையாள அட்டை இலக்கம் 15 தானங்கள் கொண்டது. அது 784 என்று தொடங்கும். அடுத்த நான்கு தானங்கள் பிறந்த ஆண்டு. பிறந்த திகதிக் கட்டத்தில் உள்ள ஆண்டும் இதுவும் பொருந்தாவிட்டால் சேமிக்க விடாதபடி "பிஃபோர் அப்டேட்" நிகழ்வில் ஒரு சோதனை வைக்கலாம். இருவரின் விபரங்கள் கலந்தால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

திரையில் அது ஓர் இலக்கம்தான். ஆனால் அதை நம்பியே ஒருவருடைய விசாவும் சம்பளமும் ஊரிலுள்ள குடும்பத்தின் சாப்பாடும் இருக்கின்றன. பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போங்கள்.

ஆயிரம் பதிவுகளுக்குள் ஒருவரைப் பெயர் சொல்லித் தேடி எடுப்பது எப்படி? அடுத்த இதழில் பார்ப்போம். உங்கள் கேள்விகளையும் எழுதி அனுப்புங்கள்.