வாய்க்குள் பிள்ளை வளர்க்கும் ஜிலேபி

சித்திரை பிறந்தால் தஞ்சை வட்டாரத்தில் வாய்க்கால்கள் காய்ந்துவிடும். குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். விராலும் கெண்டையும் துள்ளிய காலம் ஒன்று உண்டு. இப்போது கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள், ஜிலேபிதான் அதிகம் கொட்டும்.

இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திலாப்பியாவுக்கு நம் ஊர்ப் பெயர் ஜிலேபிக் கெண்டை. பூர்வீகம் தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகள். அங்கே மலாவி ஏரியில், செத்ததுபோல் படுத்துக்கிடந்து, கொத்த வரும் குட்டி மீன்களைக் கவ்விவிடும் மீன் ஒன்று இருக்கிறது. அதுவும் ஜிலேபியின் குடும்பம்தான்!

மலிவாக மீன் கிடைக்கட்டும் என்று 1952-ல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1959-லேயே, பரப்ப வேண்டாம் என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. மீனுக்கு உத்தரவு படிக்கத் தெரியுமா என்ன?

அதன் பலம் தாய்மையில் இருக்கிறது. ஆண் மீன் சேற்றில் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை ஏறக்குறைய இரை தின்னாது. ஆபத்து என்றால் குஞ்சுகள் மறுபடி அம்மாவின் வாய்க்குள் ஓடும். இப்படிப் பிள்ளையைக் காக்கிற இதே மீன், அடுத்த மீனின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. இரண்டு மூன்று மாத வயதிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்பதால் கடைமடை வரை இதன் ராஜ்யம்தான்.

அதற்காக ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. விரால் வாங்க முடியாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு இதில்தான் கொதிக்கிறது. மண் வாடை போக உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டால் சரியாகிவிடும். இன்னொரு வேடிக்கை: உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்ட இது, பிறந்த மண்ணில் நைல் திலாப்பியாவோடு கலந்து தன் இனத்தையே இழந்து வருகிறது.

குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு விடுபவருக்குத்தான் நிஜமான நஷ்டம். போட்ட தீவனத்தை ஜிலேபி தின்றுவிடும். அதனால் கோடையில் குளத்தை முழுக்கக் காயவிடுகிறார்கள். வற்றாத குளமென்றால் இலுப்பைப் புண்ணாக்கு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ வேண்டும். மிதக்கும் மீனைச் சாப்பிடலாம். நஞ்சு முறிய இரண்டு மூன்று வாரம் விட்டுத்தான் புதுக் குஞ்சு விட வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, மேட்டூர்த் தண்ணீர் வரும்போது மடை வாயில் சிறுகண் வலை கட்ட மறந்தால், தண்ணீரோடு ஜிலேபிக் குஞ்சும் உள்ளே வந்துவிடும்.