ஓடி ஆடும் வயதில் உட்கார வைப்பதா?

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் பல இடங்களில் சங்கும் கிளிஞ்சலும் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன செல்வம்தான் சுண்ணாம்புக்கல். அதை வெட்டியெடுத்து அரியலூரில் சிமெண்டு செய்கிறார்கள். ஊர் ஊராக வீடுகள் எழும்புகின்றன.

மனித உடம்பும் ஒரு வீடுதான். எலும்புகளே அதன் தூண்கள். அந்தத் தூண்களுக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது மண்ணில் இருந்து என்ன பயன்? பிள்ளைகளின் எலும்பில் அல்லவா சேர வேண்டும்!

சேமிக்கும் வயது

பெண்ணுக்கு எலும்பின் வலுவில் நூற்றுக்கு 90 பங்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஆணுக்கு 20 வயதுக்குள். பிறகு சேருவது கொஞ்சம்தான். நடு வயதுக்கு மேல் செலவுதான். இளமையில் சேர்க்காதவர்கள் முதுமையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு எளிதில் முறிந்துவிடும்.

13 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியில் சுமார் 10தான்! கேழ்வரகுக் களி, பால், மோர், முருங்கைக்கீரை ஆகியவை ஏழை வீட்டிலும் இடம் பெறலாம். உண்ட சத்து உடம்பில் சேர, கொஞ்சம் வெயிலும் படவேண்டும்.

சாப்பாடு மட்டும் போதாது. எலும்புக்கு வேலை கொடுத்தால்தான் அது உறுதிப்படும். தினம் ஒரு மணி நேரம் பிள்ளைகள் ஓடி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் 3 நாளாவது எலும்பை உறுதிப்படுத்தும் ஆட்டம் வேண்டுமாம். கயிறு தாண்டலாம். நொண்டி ஆடலாம். கபடி ஆடலாம். காசு செலவில்லை.

பெண் என்ன பாவம் செய்தாள்?

ஆனால் நடப்பது என்ன? "பெரியவளாகிவிட்டாள், இனி என்ன ஆட்டம்?" என்று பெண்ணை வீட்டில் உட்கார வைக்கிறார்கள். எலும்பு மளமளவென்று வளரும் வயதே அதுதான்! மகன் தெருவில் ஆடுகிறான். மகள் ஜன்னல் வழியே பார்க்கிறாள். இது நியாயமா?

ஆட்டம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 2022-ல் ஆசியக் கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டவர் அரியலூர் இளைஞர் கார்த்தி செல்வம். பெரம்பலூரில் பெண்களுக்கென்றே அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. அங்கே பெண்கள் ஆடலாம் என்றால், வீட்டு வாசலில் ஆடக்கூடாதா?

பரீட்சை வந்தால் பள்ளியில் முதலில் பறிபோவது விளையாட்டு நேரம். பெற்றோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். விட்ட பாடத்தை அடுத்த மாதம் படித்துக்கொள்ளலாம். எலும்பு வளரும் வயது திரும்பி வராது!