பாரமும் எண்ணும்

மாலை வேளையில் நம் கல்லூரித் தேகாப்பியாசக் கூடத்தினருகே செல்வோர், இரும்புத் தட்டுகள் தரையில் விழும் பேரொலியைக் கேளாதிரார். அங்கே பயிலும் மாணவரிடையே ஓயாது எழும் வினா ஒன்றுளது. ஐஸ்லாந்து தேசத்தவராகிய ஹாப்தோர் பியோர்ன்சன் என்பார் 2020ஆம் ஆண்டில் தமது சொந்தப் பயிற்சிக் கூடத்தில் 501 கிலோகிராம் பாரத்தை எடுத்து நின்றாரே, அது சாதனையாமா, ஆகாதா என்பதே அவ்வினா. நெருங்கிய நண்பரிருவர் இதன்பொருட்டு ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர் எனவும் கேள்வியுற்றோம். நூலகத்திலிருந்து ஒரு பெரும் அகராதியை எடுப்பதே நமக்குப் போதிய பயிற்சியாயினும், இவ்வழக்கினுள் உடலோம்பல், வாய்மை, புகழாசை ஆகிய மூன்றும் பின்னிக் கிடத்தலின், நம் கருத்தையும் இங்கே வெளியிடத் துணிந்தோம்.

டெட்லிப்ட் எனப்படும் இப்பந்தயத்தின் இயல்பு எளிது. நீண்ட இரும்புத் தண்டின் இருபுறமும் தட்டுகள் கோக்கப்பட்டுத் தரைமேற் கிடக்கும். தட்டுகளின் வட்ட அளவினால் தண்டு தரைக்கு மேல் 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். வீரர் குனிந்து அதனைப் பற்றி, முழங்காலும் இடுப்பும் நேராகும்படி நிமிர்ந்து, நடுவர் குறிப்புக் காட்டுமளவும் நிற்றல் வேண்டும். இவ்வளவே. ஆயினும் இதனுள் இரு மரபுகள் உள. பவர்லிப்டிங் என்னும் மரபினர் கைகளால் மாத்திரமே தண்டைப் பற்றுவர். பாரத்தைத் தொடைமேற் சார்த்திச் சிறிது சிறிதாக ஏற்றுதல் அவரிடத்துக் குற்றமாம். ஸ்ட்ராங்மேன் மரபினரோ மணிக்கட்டிற் கட்டிய வார்களால் தண்டைப் பிணித்துக்கொள்வர். உடலை இறுகப் பிடிக்கும் உடையும் அணிவர். தொடைமேற் சார்த்தலும் அவர்க்கு விலக்கன்று. அன்றியும், சில பந்தயங்களில் வழங்கும் மிக நீண்ட தண்டு, இழுக்குங்கால் வில்லென வளையும்; ஆதலின் கடைக்கோடித் தட்டுகள் தரையை விட்டு எழுமுன்னரே வீரர் சற்று நிமிர்ந்திருப்பார். இவற்றை அறியாது இரு மரபின் எண்களையும் ஒரே பலகையில் எழுதி வாதிடுவோர் வீண்வாதமே செய்கின்றனர்.

இப்பாரங்களின் வரலாறு சுவையுடைத்து. ஜெர்மனி தேசத்து ஹெர்மன் கோர்னர் 1920இல் லைப்சிக் நகரில் ஒரே கையால் 330 கிலோ எடுத்ததாகப் பதிவுளது. அமெரிக்காவின் டென்னசி மாகாணத்து உழவரான பாப் பீப்பிள்ஸ் 1949இல் 725 ராத்தலுக்குச் சற்று மிகுதியாக எடுத்தார். அவர்தம் உடல்நிறையோ ஏறக்குறைய 180 ராத்தலே. பின்னர் ஆயிரம் ராத்தல் என்னும் எல்லை நெடுங்காலம் ஒரு மதில் போல் நின்றது. இங்கிலாந்து தேசத்து ஆண்டி போல்டன் 2006இல் 1,003 ராத்தல் எடுத்து அம்மதிலைக் கடந்தார். 2011இல் ஐஸ்லாந்தின் பெனடிக்ட் மாக்னுசன் அதனை 1,015 ராத்தலாக உயர்த்தினார்.

இங்கு ஒன்று கூறாது செல்ல மனம் வரவில்லை. ஆயிரம் ராத்தல் என்பது கிலோக் கணக்கில் 453.6, அதில் ஒரு சிறப்பும் தோன்றவில்லை. பின்னாளில் உலகத்தார் கண்ணெல்லாம் நாட்டிய 500 கிலோவோ, ராத்தற் கணக்கில் 1,102 என்னும் கரடுமுரடான எண். நம் முன்னோரின் சென்னை மணங்கிற் கூறின், நாற்பத்து நான்கு மணங்கும் சிறிது மிகையும் ஆம். மதில் என்று மக்கள் அஞ்சியது இரும்பில் இல்லை. நிறைகல்லின் முத்திரையில் இருந்தது. ஆயினும் அம்முத்திரையின்பொருட்டு மாந்தர் உயிரையும் பணயம் வைத்தனர் என்பதே நம் வியப்பு.

2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நிகழ்ந்ததைப் படக்காட்சியில் யாமும் கண்டோம். ஒரு முறையன்று, பலமுறை கண்டோம் என்று ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. எட்டி ஹால் என்னும் ஆங்கில வீரர் அன்று 465 கிலோவை எடுத்து முடித்தபின், இடையிலுள்ள எண்களையெல்லாம் தாண்டி, ஒரே பாய்ச்சலாக 500 கிலோவை ஏற்றச் செய்து, அதனையும் எடுத்து நின்றார். நடுவர் குறிப்பளித்துப் பாரம் கீழே வீழ்ந்த சில கணத்துக்குள் அவரும் வீழ்ந்தார். மூக்கினின்று குருதி ஒழுகியது, அறிவு மயங்கியது. தாம் மரணத்தின் விளிம்பைத் தொட்டதாகப் பின்னர் அவரே பலகாலும் சொல்லியுள்ளார்.

இதன் காரணம் மறைபொருளன்று. பெரும்பாரம் எடுப்போர் மூச்சை உள்ளடக்கி வயிற்றை இறுக்கி முதுகெலும்பைத் தாங்குகின்றனர். அவ்வேளையில் மார்பினுள் எழும் அழுத்தமும், இறுகிய தசைகள் நாளங்களை நெரித்தலும் ஒருங்கே கூடி இரத்த அழுத்தத்தை மிகவும் உயர்த்துகின்றன. கானடா தேசத்து ஆராய்ச்சியாளர், தேர்ந்த உடற்பயிற்சியாளர் ஐவரின் நாளத்தினுள்ளேயே கருவி பொருத்தி அளந்து 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். நலமுற்றவர் ஓய்ந்திருக்குங்கால் 120க்கு 80 என்றிருக்கும் அழுத்தம், அவ்வைவர் இருகால்களாலும் பாரத்தை உந்தியபோது சராசரி 320க்கு 250 வரை ஏறியது. ஒருவரிடத்தில் 480க்கு 350ஐயும் கடந்தது. பாரம் இறங்கியதும் அழுத்தம் திடீரெனச் சரியும், மூளைக்குச் செல்லும் குருதி குறையும், மயக்கம் வரும். அரங்கத்தார் வீரச்செயலின் இறுதிக் காட்சி என்று ஆர்ப்பரித்தது இதனையே.

எல்லோரும் எழுந்துவிடுவதுமில்லை. உலகின் மிக வலியவர் என்னும் பட்டத்தை நான்கு முறை வென்ற ஐஸ்லாந்து வீரர் யோன் பால் சிக்மார்சன், 1993ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தமது பயிற்சிக் கூடத்தில் இதே டெட்லிப்ட் பயின்றுகொண்டிருக்கையில் வீழ்ந்து இறந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 32. இச்செய்தியைச் சொல்லுமிடத்து நம் இளைஞர் பலர், அது பயிற்சியின் குற்றமன்று, அவர்தம் இருதயத்தின் குற்றம் என விரைந்து விடையிறுப்பர். இருக்கலாம். தம் இருதயம் எத்தகையது என்று அவ்விளைஞருள் எத்துணைப்பேர் மருத்துவரிடம் காட்டி அறிந்துள்ளனர்? பெரும்பாரம் எடுப்போர் மருந்துகளால் உடலைப் பெருக்குதலும் இரகசியமன்று. இவ்வரங்கின் வீரர் சிலரே அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டுள்ளனர். மாணவர் காணும் படங்களில் பாரம் தெரிகின்றது. மருந்துப் புட்டி தெரிவதில்லை.

இனி, நண்பரைப் பிரித்த அவ்வழக்கிற்கு வருவாம். 2020இல் கொள்ளைநோயினால் பந்தயங்களெல்லாம் நின்றுபோயின. மே மாதம் 2ஆம் நாள் பியோர்ன்சன் ஐஸ்லாந்திலுள்ள தம் கூடத்திலேயே 501 கிலோவை எடுத்தார். நான்கு முறை உலகப் பட்டம் வென்ற மாக்னுஸ் வேர் மாக்னுசன் நடுவராய் நின்றார். நிகழ்ச்சி உடனுக்குடன் உலகெங்கும் ஒளிபரப்பாயிற்று. எட்டி ஹால் இதனை ஒப்பவில்லை. பந்தயக் களத்திலன்றித் தம் இல்லம் போன்ற கூடத்தில், தமக்கு உகந்த வேளையில், வேறெந்தப் பாரத்தாலும் களைப்புறாது எடுத்தது பந்தயச் சாதனையாகாது என்றார். சொற்போர் முற்றி, 2022இல் துபாய் நகரில் இருவரும் குத்துச்சண்டைக் களத்தில் எதிர்நின்றதும், அதில் பியோர்ன்சன் வென்றதும் பலரறிந்தவை. பாரத்தைப் பற்றிய வழக்கைக் குத்தினால் தீர்க்க முயன்றது நமக்கு நகைப்பையே விளைத்தது.

திருமறையில் சிம்சோன் காசா பட்டணத்து வாயிற் கதவுகளை நிலைகளோடு பெயர்த்துத் தோள்மேல் வைத்து மலையுச்சிக்குக் கொண்டுசென்றதாகப் படிக்கின்றோம். அது நடுநிசியில் நிகழ்ந்தது. நடுவருமில்லை, அரங்கத்தாருமில்லை, பதுங்கியிருந்தோரும் பொழுது விடியட்டும் என்று வாளாவிருந்தனர். ஆயினும் காலையில் கதவுகள் மலைமேற் கிடந்தமையின் எவரும் வழக்குரைத்ததாகத் தெரியவில்லை. அங்ஙனமே, 501 கிலோ எழுந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. தக்க நடுவர் கண்டார், உலகமும் கண்டது. மனிதர் ஒருவர் எடுத்த உச்சப் பாரம் எதுவெனின், அந்நாள் முதல் அது 501 என்றே விடை கூறுவோம். ஆனால் பந்தயத்தில் எடுத்த உச்சம் எதுவெனின், 500 என்று கூறியிருப்போம். பலர் முன்னிலையில், பிறரோடு போட்டியிட்டு, பிறர் குறித்த வேளையில் எழுதல் ஒரு திறம். தனியே ஆயத்தமாகி எழுதல் மற்றொரு திறம். தேர்வு மண்டபத்தில் எழுதிய விடையும் விடுதியறையில் எழுதிய விடையும் ஒரே சொற்களாயினும் ஒன்றாகா என்பதை மாணவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பியோர்ன்சனும் உள்ளத்தே இவ்வேற்றுமையை உணர்ந்தார் போலும். குத்துச்சண்டைக்காக உடலை மெலிவித்தவர், 2023இல் மார்புத் தசை கிழியப்பெற்றவர், மீண்டும் உடலைத் திரட்டி, 2025ஆம் ஆண்டு ஜூலையில் ஜெர்மனியில் நிகழ்ந்த பந்தயத்தில் 505 கிலோவும், செப்டம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் அரங்கில் 510 கிலோவும் எடுத்தார். ஐந்தாண்டு வாதம் அத்துடன் ஓய்ந்தது. நண்பரிருவரும் இனிப் பேசிக்கொள்ளலாம்.

ஆயினும் நம் ஐயம் ஓயவில்லை. 510 கிலோ எடுத்தவர் தாமே ஏறக்குறைய 200 கிலோ நிறையுள்ளவர்; எனவே தம்மைப்போல் இரண்டரை மடங்கு எடுத்தார். அமெரிக்காவின் லமார் கான்ட் என்பார் 1985இல் எடுத்தது 300 கிலோ. எண் சிறிது. அவர் நிறையோ 60 கிலோ. தம்மைப்போல் ஐந்து மடங்கு எடுத்த முதல் மனிதர் அவரே. அவர் முதுகெலும்பு பிறர்க்குப் போல் நேரானதன்று. பக்கவாட்டில் வளைந்த எலும்பு. அவ்வளைவினால் உடல் குறுகிக் கைகள் முழங்காலளவும் தாழ்ந்தமையின், பாரம் ஏற வேண்டிய தூரமும் குறைந்ததாம். பிறர் குறையென்று இரங்கியதை அவர் கருவியாக்கிக்கொண்டார். உடல் பெருகுந்தோறும் நிறை கனவளவால் பெருகும். தசையின் வலியோ குறுக்குப் பரப்பளவால் மாத்திரமே பெருகும். ஆதலின் பெரியவர் எடுக்கும் எண் பெரிதும் மடங்கு சிறிதுமாதல் இயற்கை. இதனை அறிந்த பின்னரும் பேரெண்ணையே போற்றி, தம் நிறையை ஏற்றுவதற்காக உண்பதையே தொழிலாகக் கொள்ளும் இளைஞரை நினைந்தால் வருத்தமே உண்டாகின்றது.

ஐஸ்லாந்து தேசத்தார் வலிமையை அளந்த பழைய முறை வேறு. அத்தீவின் மேற்கிலுள்ள டியூபாலோன் கடற்கரையில் நான்கு கற்கள் கிடக்கின்றன. 154 கிலோ நிறையுள்ளதற்கு முழுவலியன் எனவும், 100 கிலோவுக்கு அரைவலியன் எனவும், 54 கிலோவுக்கு அரைப்பங்கினன் எனவும், 23 கிலோவுக்கு ஏலாதவன் எனவும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். மீன்படகில் துடுப்பு வலிக்க வருவோர் அரைப்பங்கினனையாவது இடுப்பளவு எடுத்தல் வேண்டும். அல்லாதார்க்குப் படகில் இடமில்லை. ஹூசாபெல் என்னும் ஊரில் ஸ்னோரி பியோர்ன்சன் என்னும் பாதிரியார் கட்டிய ஆட்டுப்பட்டியருகே 186 கிலோக் கல்லொன்று இன்றும் உளது. அவர் மகளார் அதனைச் சுமந்து பட்டியைச் சுற்றினார் என்பது அவ்வூர்க் கதை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் தம் மகளிர்க்கு எவ்வெவ் வேலைகளை இட்டனரோ அறியோம். நம் தென்பாண்டிச் சிற்றூர்களில் கிடக்கும் இளவட்டக்கல்லும் இவ்வினத்ததே. தலைமுறை தலைமுறையாகக் கல் வளர்ந்ததில்லை. சென்ற ஆண்டு ஒருவன் எடுத்தானாயின், இவ்வாண்டு அதன்மேல் மற்றொரு கல்லைக் கட்டுங்கள் என்று ஊரார் கூறுவதில்லை. எடுத்தவன் இளைஞர் நிரையில் சேர்ந்தான். மறுநாள் ஏர்பிடிக்கச் சென்றான்.

எட்டி ஹாலை யாம் இகழ்கின்றோமல்லோம். அவர்தம் துணிவு அரிய துணிவே; குடும்பமுடைய அவர், 2017இல் உலகப் பட்டமும் வென்றபின், தம் உயிரை எண்ணி அப்போட்டியினின்று விலகி, உடல் நிறையைக் குறைத்ததே அதனினும் பெரிய துணிவு. குருதி ஒழுகக் கண்டு மீண்டும் மீண்டும் அப்படத்தைக் காணும் நம்போன்றோரிடத்தும் குற்றமுளது. பரிசுப் பொருளை வைப்போர் நம் கண்களை எண்ணியே வைக்கின்றனர்.

நம் கல்லூரி ஆண்டு விளையாட்டு விழாவிலும் பாரமெடுக்கும் பந்தயம் உண்டு. கூடத்துப் பலகையில் பெயரும் எடுத்த பாரமும் மாத்திரமே எழுதப்பெறுகின்றன. எடுத்தவர்தம் உடல் நிறையையும், அவ்வாண்டு மருத்துவர் அவரைப் பரிசோதித்த நாளையும் அதனருகே எழுதுக என்று வேண்டுகின்றோம். உடற்பயிற்சி ஆசிரியரிடம் இதனை நேரிலும் கூறியுள்ளோம். ஆலோசிப்பதாகச் சொன்னார். பலகையில் இன்னும் இரண்டு கோடுகள் இழுக்கச் சுண்ணக்கட்டி ஒன்றே வேண்டும். அதனை யாமே வாங்கித் தருவோம் என்றோம்.