சொட்டுச் சொட்டாக ஒழுகும் இலாபம்

சிறுதுளி பெருவெள்ளம் என்று சேமிப்பைப் பற்றித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நட்டத்துக்கும் அதே கணக்குத்தான் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது எனது பழைய வேன்.

பதுளையில் சிறியதொரு புடவைக்கடை வைத்திருக்கிறேன். வியாபாரத்தில் பாதி தோட்டங்களை நம்பியது. சம்பள நாளை ஒட்டி பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கம் வேனில் உடுபுடவை ஏற்றிப் போவேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் வாகனம் மாற்றும் யோசனையை, என்னைப் போல் எத்தனையோ பேர் கைவிட்டிருப்பார்கள். இருப்பதை வைத்தே ஓட்டினோம்.

அந்தக் காலத்தில்தான் வேன் நிற்கும் இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. "ஒயில்தானே, ஊற்றி ஊற்றி ஓடுவோம்" என்று விட்டுவிட்டேன். ஒரு சம்பள நாள் காலை, மடுல்சீமை ஏற்றத்தில் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உச்சிக்குப் போய்ப் பார்ப்போம் என்று மிதித்தேன். உச்சிக்கு முன்பே எஞ்சின் தட்டத் தொடங்கியது. பெயாரிங் போய்விட்டது. ஒயில் குறைந்த எஞ்சினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆபத்தானது. மிச்சமிருக்கும் ஒயிலும் ஒரு பக்கம் சரிந்துவிடும். பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

வேனை இழுத்துப் போன கராஜில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாஸ் கையைத் துடைத்தபடி சொன்னார்: "நானா, சீல் ஒழுகுறப்பவே வந்திருந்தா அரை நாள் வேலை. இப்ப எஞ்சினையே பிரிக்கணும்." அந்த மாதச் சம்பள நாள் வியாபாரமும் போனது, அடுத்த மாதத்தினதும் போனது. கடனுக்குக் கொடுத்த உடுப்புகளின் தவணைப் பணத்தையும் நேரத்துக்கு வாங்க முடியவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லிலீற்றர். வாரத்துக்கு அரை லீற்றர், மாதத்துக்கு இரண்டு லீற்றருக்கு மேல். சிறிய வாகனமொன்றின் எஞ்சின் கொள்வதே மூன்று, நான்கு லீற்றர்தான். வாங்கி ஊற்றிய ஒயிலுக்கு என் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை. கடையில் ஒரு முழம் துணி குறைந்தால் கேள்வி கேட்கும் நான், இதைக் கேட்கவேயில்லை.

சென்ற வருடம் எனது சிறிய காரிலும் முன்பக்கத்தில் அதே ஒழுக்கு. இம்முறை முற்றத்தில் நானே பார்த்தேன். முதலில் எஞ்சினைக் கழுவித் துடைத்து, கீழே காகித மட்டை விரித்து, சிறிது நேரம் ஓடவிட்டு, ஒயில் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். இது முக்கியம். மேலே வால்வு மூடியின் பெக்கிங் கசிந்தாலும் ஒயில் வழிந்து கீழே வந்து, சீல் போனது போலவே காட்டும். எஞ்சின் மூச்சுவிடும் பி.சி.வி. வால்வு அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடிச் சீல் கசியும். அதைப் பார்க்காமல் புதுச் சீல் போட்டால் அதுவும் ஒழுகும்.

எனது காரில் இருப்பது டைமிங் செயின். ஆகவே பெல்ட்டையும் கிராங்க் புல்லியையும் கழற்றியதும் சீல் தெரிந்தது. பழைய சீலில் பொறித்திருந்த அளவுகளைக் காட்டி, அதே அளவில் புதியதை வாங்கினேன். பழையதை நெம்பும்போது தண்டில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் அந்தக் கீறலே புதிய ஒழுக்காகிவிடும். புதியதன் உதட்டில் ஒயில் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க, அளவான குழாய்த் துண்டொன்றை வைத்துச் சுற்றிவரச் சமமாகத் தட்டி இறக்கினேன். எனக்குச் செலவானது சீலின் விலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான்.

ஆனால் எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட்டை ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் பெரும் நட்டம் வரலாம். பழக்கமில்லாதவர் தொட வேண்டாம். அங்கே இன்னொன்றும் உண்டு: ஒழுகும் ஒயில் பெல்ட்டில் பட்டால் பெல்ட் கெடும். எனவே பெல்ட் மாற்றும் நாளிலேயே சீலையும் மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான். பின்பக்கச் சீலுக்குக் கியர் பொக்ஸை இறக்க வேண்டும். அது கராஜ் வேலை. கிளட்ச் மாற்றும்போது அதையும் சேர்த்துச் செய்வதே இலாபம்.

நம் ஊர் முற்றங்கள் பெரும்பாலும் சரிவானவை. சமதரை இல்லாவிட்டால் வீட்டில் இந்த வேலையே வேண்டாம். சமதரையிலும் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்ட் கொடுத்த பிறகே வாகனத்துக்குக் கீழே போக வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பிப் படுப்பவர் சில ஆயிரம் ரூபாவுக்காக உயிரைப் பணயம் வைக்கிறார். கழிவு ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். அது பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தையில் விழுந்து, மகாவலிக்குப் போகும். போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள்.

வேனையும் முச்சக்கரவண்டியையும் நம்பிப் பிழைக்கும் நம் சிறு வியாபாரிகளுக்கு நான் சொல்வது இதுதான். கணக்குப் புத்தகத்தில் வாகனத்துக்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒயில் அளவுக் கம்பியை வாரம் ஒருமுறை பார்த்து எழுதுங்கள். இடையில் ஊற்றிய ஒயிலையும் செலவாக எழுதுங்கள். மூன்று மாதத்தில், ஒழுக்கை விட்டுவைப்பதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். முன்பக்கச் சீலை நீங்களே மாற்றுகிறீர்களா, பாஸிடம் கொடுக்கிறீர்களா என்பது உங்கள் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஆனால் அதைச் சம்பள நாளுக்கு முந்திய வாரத்திலேயே முடித்துவிடுங்கள். நான் முடிக்காமல் விட்டதால்தான் இரண்டு சம்பள நாட்களை இழந்தேன்.