இரத்தச் சுத்தப் புரட்டு

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும் ஆலைகளிலும் தோளோடு தோள் சேர்ந்து பாடுபடுகின்ற தோழர்கள், பெண் கொடுப்பது கொள்வது என்றால் மாத்திரம் தனித்தனி ஜாதியாய்ப் பிரிந்துபோவதை நாம் பார்க்கின்றோம். காரணம் கேட்டால் "இரத்தம் கெட்டுவிடும்" என்கின்றார்கள்.

கெடுவதற்குச் சுத்தமான இரத்தம் எங்கே இருக்கின்றது? 2013-ல் வெளியான மரபணு ஆராய்ச்சியின்படி, சுமார் 4,200 வருஷங்களுக்கு முன் தொடங்கி 1,900 வருஷங்களுக்கு முன்வரை இந்நாட்டு ஜனங்கள் தாராளமாகக் கலந்திருக்கின்றார்கள். மேல் ஜாதி, கீழ் ஜாதி எனப்படுகின்ற இரு சாராரிடமும் அக்கலப்பு இருக்கின்றது. சொந்த ஜாதிக்குள்ளேயே மணம் என்கின்ற வேலி அதற்குப் பிந்தியதேயாகும்.

நிற்க, அவ்வேலியால் கண்ட பலன் என்ன? சிறு கூட்டத்தாராய் இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்து வந்தால், மூதாதை ஒருவரிடம் இருந்த குறை, குலுக்குச்சீட்டு விழுவது போல் தற்செயலாகவே பெருகிவிடும். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு நோயாகும். ஆந்திர வைசியரில் சிலருக்கு, அறுவை சிகிச்சையில் தசை தளரக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்து சீக்கிரம் நீங்காமல், நெடுநேரம் தாமே மூச்சுவிட முடியாமல் போவது இப்படி வந்ததேயாகும். 2017-ல் தெற்காசியாவில் 263 கூட்டத்தாரை ஆராய்ந்ததில், 81 கூட்டத்தாரிடம் இக்குறுகல் பின்லாந்துக்காரரிடம் உள்ளதைவிடக் கடுமையாய் இருந்தது. அவற்றில் 14 கூட்டங்கள் பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவை. ஆகவே, "எங்கள் ஜாதி பெரியது" என்று சொல்லித் தப்ப முடியாது.

கலப்பு மணத்தை மருந்தாக மாத்திரம் நாம் சொல்லவில்லை. மனிதனுக்கு மனிதன் சமம் என்பதே அதற்குப் போதுமான காரணமாகும். தேசதேசத்துச் சரக்கையும் இறக்கிக் கொள்ளுகின்ற தோழர்களே, அடுத்த தெரு மாப்பிள்ளைக்கு மாத்திரம் கதவைச் சாத்துவது எந்த அறிவு என்று கேட்கின்றோம்.