முட்டி வலிக்கு ஒரு வகுப்பறை

எங்கள் புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு, ஊருக்குப் பெருமை. ஆனால் அங்கே யார் நடக்கிறார்கள் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். நடக்க முடிந்தவர்கள்தான் நடக்கிறார்கள். முட்டி வலிக்காரர்கள் முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பயிற்சி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். அவர்களுக்கென்று தெருவுக்குப் பக்கத்தில் ஏதாவது நடப்பதாக என் கண்ணில் படவில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'அர்த்ரோஸ்' என்றால் பெரும்பாலும் வயதான பிறகு வரும் மூட்டுத் தேய்மானம். 'அர்த்ரீத்' என்றால் மூட்டு அழற்சி, வீக்கம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஆர்த்ரைட்டிஸ். நாமோ எல்லாவற்றையும் 'மூட்டு வாதம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த வித்தியாசம் முக்கியம். முடக்குவாதக்காரருக்கு மருந்து இல்லாமல் பயிற்சி மட்டும் போதாது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் அதற்கு ஓய்வும் வேண்டும். நான் இங்கே சொல்வது முதல் வகையைப் பற்றி.

'தேய்மானம்' என்ற சொல்லே நம்மைக் கெடுக்கிறது. டயர் தேய்ந்தால் வண்டியை நிறுத்திவைப்பதுபோல் முட்டியையும் நிறுத்திவைக்கிறோம். ஆனால் மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். மூட்டு அசைந்து, அழுந்தி, விடுபடும்போதுதான் ஸ்பாஞ்சில் தண்ணீர் ஏறுவதுபோல் அது உள்ளே போகிறது. தொடைச் சதை வலுத்தால் முட்டி தாங்கும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. உட்கார்ந்தே இருந்தால் சதை இளைக்கும், எடை ஏறும், வலி கூடும். வலி கூடியதால் மறுபடியும் உட்காருவோம்.

டென்மார்க்கில் 2013இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். நோயைப் பற்றிப் புரியவைக்க 2 வகுப்பு. பிறகு வாரம் இரண்டு முறை, 6 வாரத்துக்கு 12 பயிற்சி வகுப்பு. பிசியோதெரபிஸ்ட் முன்னால் நிற்க, பலர் சேர்ந்து செய்வது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, படி ஏறி இறங்குவது போன்ற எளிய காரியங்கள்தான். ஆஸ்திரேலியாவும் கனடாவும் இதை எடுத்துக்கொண்டன. பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து டாக்டர்கள் 2012இலேயே மருந்துச் சீட்டில் உடற்பயிற்சியை எழுதத் தொடங்கினார்கள். நெடுநாள் நோயாளிகளுக்கு டாக்டர் அப்படி எழுதித் தரலாம் என்ற சட்டம் 2017 மார்ச் முதல் அந்த நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

இங்கே என்ன செய்கிறோம்? பூங்காக்களில் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகளை நட்டுவைக்கிறோம். எது முட்டிக்கு நல்லது, எது ஆகாது என்று சொல்ல ஆள் இல்லை. பக்கத்துத் தமிழ்நாட்டில் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் குறித்திருக்கிறார்கள். 80 அடி நடக்கத் திணறுபவருக்கு அதனால் என்ன பயன்? அங்கே 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். படுக்கையில் இருப்பவருக்கு அது பேருதவி. ஆனால் நாலு வீடு தாண்டி வரக்கூடியவரை வெளியே அழைத்து வருவதுதான் நல்லது.

"யூடியூபில் பார்த்து வீட்டிலேயே செய்யலாமே" என்பார்கள். என் மனைவிக்கும் பயிற்சிப் படங்கள் போட்ட காகிதம் ஒன்று கொடுத்தார்கள். ஒரு வாரம் நடந்தது. இப்போது அந்தக் காகிதம் தினசரி காலண்டருக்குப் பின்னால் தொங்குகிறது. தனியாகச் செய்யும்போது கொஞ்சம் வலித்தாலும் "ஏதோ ஆகிவிட்டது" என்ற பயம் வந்துவிடுகிறது. பயிற்சியில் வரும் சிறு வலி மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பயமில்லை, திரும்பாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். "நேற்று ஏன் வரல?" என்று கேட்க நாலு பேர் வேண்டும். முட்டி வலி பெண்களுக்குத்தான் அதிகம். கடற்கரைக்குத் தனியே போகத் தயங்குகிற அவர்கள் தெருமுனைக்கு வருவார்கள்.

கோப்பு எழுதிப் பழகிய கை, அதனால் கணக்கையும் எழுதிவிடுகிறேன். இடம்: அரசுப் பள்ளி வகுப்பறை அல்லது சமுதாய நலக்கூடம், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம். தளவாடம்: கையில்லாத, வழுக்காத 15 நாற்காலிகள். ஆள்: முதல் 6 வாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், அதன்பின் அவரிடம் பழகிய உள்ளூர்க்காரர் ஒருவர். சேருமுன் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒருமுறை பார்த்து, யார் வரலாம், யாருக்கு வேறு சிகிச்சை வேண்டும் என்று பிரிக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், அடிக்கல் நாட்டு விழாவும் வேண்டாம்.

முட்டி வலியால் உயிர் போவதில்லை, அதனால்தான் யாரும் அவசரப்படுவதில்லை. ஆனால் முதலில் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் போவது நிற்கிறது, பிறகு கல்யாணம், பிறகு பேரப்பிள்ளை வீட்டு மாடிப்படி. மனிதர் உயிரோடு இருக்கும்போதே ஊரிலிருந்து மறைந்துபோகிறார். என் வயதுக்காரர்கள் பலர் இப்படி மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பேட்டையில் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு மனு எழுதுங்கள். ஒற்றைக் கையெழுத்து மனு எந்த மேசையில் தங்கும், பத்துக் கையெழுத்து மனு எப்படி நகரும் என்பது அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு நன்றாகத் தெரியும்.