பைக்கு முத்திரை எதற்கு?

"மலை ஏறணும்னா கம்பெனி பை வேணும், வீட்டுல தைச்சது பாதி வழியில பிஞ்சுடும்." முசிறியில் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் கிளம்பும் பிள்ளைகளுக்கு இது வேதவாக்காகிவிட்டது. ஆயிரக்கணக்கில் பைக்குக் கொடுத்துவிட்டு, பஸ் காசுக்கு அப்பா முன்னால் நிற்கிறார்கள். வீட்டிலேயே தையல் மிஷின் இருக்கிறது. அதில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் ஆளில்லை.

சபரிமலை இருமுடி எந்தக் கம்பெனி தயாரிப்பு? இரண்டு அறை வைத்த துணிப்பை, அவ்வளவுதான். முன்முடியில் நெய்த்தேங்காய், பின்முடியில் வழிச்செலவுக்கான அரிசி, சாமான். எருமேலியிலிருந்து பெருவழியில் அழுதையும் கரிமலையும் ஏறி இறங்கிப் போய்ச் சேர்கிறது.

வெள்ளைக்காரர் சொன்னால்தான் நம்புவோம் என்பவர்களுக்கு எம்மா கேட்வுட். 11 பிள்ளை பெற்றவர். 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து முடித்தார். தோளில் தொங்கியது அவரே தைத்த டெனிம் பை. மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. ரே ஜார்டின் இன்னும் சுவாரசியம். 1970களில் பாறை ஏறுவோருக்கான 'ஃபிரெண்ட்ஸ்' கருவியை வடிவமைத்த பொறியாளர் அவர். நெடும்பயணத்துக்கு மட்டும் தன் பையைத் தானே தைத்துக்கொண்டார்.

சரி, பை எங்கே பிய்யும்? பஸ் ஸ்டாண்டு ஓரம் பை தைக்க உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். எந்த முத்திரைப் பையானாலும் அவரிடம் வருவது ஒன்று ஜிப் போய், இல்லாவிட்டால் தோள்வார் அடியில் பிய்ந்து. ஆகவே கவனம் அங்கேதான் வேண்டும். வாரின் நுனியைப் பையின் மடிப்புக்குள் செருகி, உள்பக்கம் ஒட்டுத்துணி கொடுத்து, சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு முறை அடிக்க வேண்டும். பருத்தி நூல் நனைந்து நனைந்து இற்றுப்போகும். பாலியஸ்டர் நூல் போடுங்கள். கனத்த துணிக்கு 16 அல்லது 18 நம்பர் ஊசி. வெட்டிய நைலான் நாடாவின் நுனியை மெழுகுவர்த்தியில் காட்டிப் பொசுக்கினால் பிசிறு கிளம்பாது. இவ்வளவையும் ரவிக்கைக்குக் கை வெட்டிப் பொருத்தத் தெரிந்தவரிடம் சொன்னால் சிரிப்பார். பையில் வளைவே கிடையாதே! இடுப்புப் பட்டைகூட ஒரு நாள் நடைக்குத் தேவையில்லை. தண்ணீரும் கட்டுச்சோறும் எத்தனை கிலோ இருந்துவிடும்?

பிய்ந்துவிடும் என்ற பயமெல்லாம் சும்மா. போட்டோவில் முத்திரை தெரியாதே என்பதுதான் உள்ளே அரிக்கிறது.

எல்லாவற்றையும் வீட்டிலேயே தைக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. மழைக்கோட்டில் ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒழுகும். தையல் மேல் பசை பூசி அடைக்கப் பொறுமை வேண்டும். பாறை ஏறும் கயிறு, இடுப்பு வார் பக்கம் போகவே கூடாது. அவை சோதித்து முத்திரை குத்தியதாகத்தான் இருக்க வேண்டும். அங்கே உயிர் தொங்குகிறது. ஷூவும் கடையில்தான். பையில் மிச்சம் பிடித்த காசு அதற்கு ஆகும்.